21ஜி-யில் அந்த ‘ஜி’ எங்கிருந்து வந்தது?

கேள்வி, 2023 நவம்பர் 5

சென்னையில் பிராட்வே – வண்டலூர் 21ஜி பஸ்ஸில் ஏழு வருடமாகப் போய் வருகிறேன். வழியில் கிண்டி வருவதால்தான் ஜி என்று பக்கத்து சீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். அப்படியானால் 21ஏ, 21பி எல்லாம் எந்த ஊர்? இந்த எண்களும் எழுத்துகளும் எப்படி வந்தன?

நவம்பர் 6

கிண்டி இல்லை. 29சி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிறது, அதில் சி எங்கே? 23சி அயனாவரத்திலிருந்து அதே பெசன்ட் நகர். 5சி தரமணி. 12பி பட்டினப்பாக்கத்துக்கும் வடபழனிக்கும் இடையே ஓடுகிறது. ஊரின் முதல் எழுத்து என்றால் இந்த நான்கில் ஒன்றாவது பொருந்த வேண்டும்.

எண்தான் தாய், எழுத்து அதன் பிள்ளை. ஒரு எண் ஒரு பெரிய சாலையைக் குறிக்கும். 18 என்றால் அண்ணா சாலை வழியாகக் கிண்டிப் பக்கம். 21 என்றால் மயிலாப்பூர். 17 கோடம்பாக்கம், வடபழனி. 54 போரூர் வழியாகப் பூந்தமல்லி. அந்தச் சாலையிலிருந்து ஒரு கிளை பிரியும்போதோ, அதன் முனை இன்னும் தள்ளிப் போகும்போதோ ஒரு எழுத்து சேர்ந்தது. ஏ, பி, சி என்று வரிசையாக வந்ததே தவிர ஊர்ப்பெயரைப் பார்த்து வரவில்லை.

எங்கள் மாமா (அம்மாவின் தம்பி) 1978-இல் பல்லவனில் (அப்போது சென்னை நகரப் பஸ்களை ஓட்டிய அரசுக் கழகம்) கண்டக்டராகச் சேர்ந்து 34 வருடம் விசில் ஊதியவர். நான் சொல்வதில் பாதி அவர் சொன்னது, மீதி நானே நின்றும் தொங்கியும் போய்த் தெரிந்துகொண்டது.

நவம்பர் 6, இரவு

காலையில் எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. கேட்டவர் 21ஏ, பி எல்லாம் எங்கே என்று கேட்டிருந்தார். எழுத்து பிறப்பது போலவே சாகவும் செய்யும். ஒரு கிளைக்கு ஆள் குறைந்தால் டிரிப் குறையும், அப்புறம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆகும், கடைசியில் நிற்கும். இல்லையென்றால் நீளமான இன்னொரு வண்டி அந்தக் கிளையை விழுங்கிவிடும். எழுத்தை மட்டும் உடனே வேறு ஊருக்குக் கொடுக்க மாட்டார்கள், சனங்கள் குழம்பிப் போவார்கள் என்பது மாமா சொல்லும் காரணம். அதனால்தான் வரிசையில் ஓட்டைகள். வாயில் விழுந்த பல்லின் இடத்தைப் பார்ப்பது போல, ஓட்டையைப் பார்த்தே அங்கே ஒரு தடம் இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

நவம்பர் 9

எழுத்து எப்படிப் பிறக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் திருவொற்றியூரில் வாடகைக்கு இருந்தோம். 1993-இல் அப்பா மேடவாக்கம் தாண்டி உள்ளே அரை கிரவுண்டு மனை வாங்கி, கையில் இருந்ததைப் போட்டு ஒரு தளம் எழுப்பினார். மெயின் ரோட்டில் சைதாப்பேட்டையிலிருந்து வேளச்சேரி வழியாகக் கிழக்குத் தாம்பரம் போகும் 51 இருந்தது. ஆனால் மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வீடு இரண்டு கிலோமீட்டர். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம். இரவு எட்டு மணிக்கு மேல் அம்மா டார்ச்சோடு ரோட்டு முனைக்கு வந்து நிற்பார்.

எங்கள் பகுதியில் அப்போது நாற்பது வீடு இருக்கும். எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். ஒரு நாள் ஜீப்பில் இருவர் வந்து சாலையின் அகலத்தைப் பார்த்தார்கள், தாழ்வாகத் தொங்கிய கரண்ட் கம்பியைப் பார்த்தார்கள், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: “வண்டி எங்கே திரும்பும்?” யாரும் அதை யோசித்திருக்கவில்லை. பெரிய பஸ் ஒன்று ரிவர்ஸ் எடுக்காமல் திரும்ப வேண்டுமென்றால் நல்ல அகலமான காலியிடம் வேண்டும். பிள்ளையார் கோயிலுக்கு எதிரே இருந்த ஒரு மனையின் சொந்தக்காரர், நான் வீடு கட்டும்வரை திருப்பிக்கொள்ளட்டும் என்றார். பசங்கள் எல்லோரும் சேர்ந்து முள்ளை வெட்டி, செம்மண் கொட்டி மட்டம் பண்ணினோம்.

முதல் வண்டி வந்த காலை நன்றாக நினைவிருக்கிறது. தேங்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, டிரைவருக்கு மாலை போட்டோம். அது தனித் தடம்கூட இல்லை. ஏற்கெனவே ஓடிய ஒரு வண்டியில் இரண்டு டிரிப்பை மட்டும் நீட்டியிருந்தார்கள். டெப்போக்காரர்கள் அதை எக்ஸ்டன்ஷன் என்பார்கள். முன்பலகையில் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதியிருந்தது. கலெக்‌ஷன் நன்றாக இருந்ததால் டிரிப் ஏறியது. அப்புறம் நைட் ஹால்ட் வந்தது: கடைசி வண்டி இரவு பத்தேகாலுக்கு வந்து அங்கேயே நிற்கும், டிரைவரும் கண்டக்டரும் வண்டியிலேயே படுத்து, விடியற்காலை அதையே முதல் வண்டியாக எடுப்பார்கள். எங்கள் தெருவிலிருந்து அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் போகும், சில நாள் குழம்பும் போகும்.

முதலில் எக்ஸ்டன்ஷன், அப்புறம் நைட் ஹால்ட், கடைசியில் தனி எழுத்து. அந்த எழுத்து கிடைத்த வாரத்தில்தான் மனை விலை ஏறியது என்று அப்பா சொல்வார்.

நவம்பர் 10

எக்ஸ்டன்ஷனுக்கு எதிர்ப்பக்கம் கட் சர்வீஸ். பாதி வழியில் திரும்பும் வண்டி. பலகையைச் சரியாகப் பார்க்காமல் ஏறி, வேளச்சேரியில் இரவு பதினொன்றுக்கு இறங்கி நின்ற நாள் ஒன்று எனக்கு உண்டு. அங்கிருந்து வீட்டுக்கு நடந்தேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலை அது. இருட்டில் பறவைச் சத்தமும் தவளைச் சத்தமும் இரண்டு பக்கமும் வந்துகொண்டே இருந்தன. அன்றுதான் எங்கள் பஸ் எதன் ஓரமாக ஓடுகிறது என்றே எனக்கு உறைத்தது.

நவம்பர் 14

அரசு பஸ் பல்லவனில்தான் ஆரம்பித்தது என்று என்னிடம் இரண்டு பேர் சொன்னார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். அது தவறு, இங்கே திருத்திவிடுகிறேன். நகரத்துப் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டது சுதந்திரத்தை ஒட்டி, 1947–48 வாக்கில். அதற்கு முன் தனியார் பஸ்களும் டிராமும் ஓடின. மின்சார டிராம் 1895-இலேயே வந்துவிட்டது, இந்தியாவிலேயே முதலில். 1953 ஏப்ரலில் கம்பெனி நொடித்துப்போய் நின்றது. பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972 ஜனவரி 1-இல்தான் வந்தது. அரசுத் துறையாக இருந்தது கழகமாக மாறிய நாள் அது. ஆரம்பத்தில் ஆயிரத்துச் சொச்சம் வண்டிகள்.

டிராம் புறநகருக்குப் போகவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ராயபுரம், புரசைவாக்கம், மயிலாப்பூர் என்று ஊருக்குள்ளேயே சுற்றியது. புறநகரை முதலில் உண்டாக்கியது ரயில். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. அதனால்தான் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கமெல்லாம் முன்னாலேயே வீடுகள் நிறைந்தன. அந்த வரிசையில் பஸ் வேலை வேறு: ஸ்டேஷனிலிருந்து இரண்டு பக்கமும் உள்ளே கொண்டுபோய் விடுவது. ரயில் இல்லாத வேளச்சேரி, மேடவாக்கம், குன்றத்தூர், கேளம்பாக்கம் பக்கம் எல்லாச் சுமையும் பஸ் தலையில் விழுந்தது. வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் வரவே 2007 ஆகிவிட்டது.

நவம்பர் 15

மாமாவிடம் மேலே இருப்பதைப் படித்துக் காட்டினேன். “டபுள் டெக்கரை விட்டுட்டியேடா” என்றார். 18ஏ-யில் ஓடியது. நான் 1997-இல்தான் முதல்முறை மாடி பஸ் பார்த்தேன் என்பதால் அப்போதுதான் வந்தது என்று நினைத்திருந்தேன். அது மறுவருகை. எழுபதுகளிலேயே ஓடி, நிறுத்தி, திரும்ப 1997-இல் கொண்டுவந்து, பத்தாண்டு அளவில் மறுபடி நிறுத்தினார்கள். மேல்தட்டில் முதல் சீட்டுக்காக உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இரண்டு வண்டி விட்டுக் காத்திருந்தோம். அண்ணா சாலை மரக்கிளைகள் கண்ணாடியில் உரசிக்கொண்டே வரும். கீழ்த்தட்டிலிருந்து மேலே வந்து டிக்கெட் கொடுப்பதற்குள் முழங்கால் போய்விடும் என்று மாமா சொல்கிறார். எனக்குக் கிடைத்தது ஜன்னல், அவருக்குக் கிடைத்தது படிக்கட்டு.

நவம்பர் 19

பெயர்கள் பற்றி ஒன்று.

1994-இல் பல்லவனை இரண்டாகப் பிரித்து வடக்கே டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் என்று வைத்தார்கள். மாமாவின் டெப்போ வடக்கில் இருந்ததால் அவர் அங்கே போனார். 1997-இல் தென் மாவட்டத்தில் ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியதை ஒட்டிக் கலவரங்கள் வெடித்தன. அதன் பிறகு மாநிலம் முழுக்கக் கழகங்களிலிருந்து தலைவர்கள் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. சென்னையில் இரண்டும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் இரு கோட்டங்கள் ஆயின. 2001-இல் அவையும் ஒன்றாகின. ஏழு வருடத்துக்குள் மாமாவின் சம்பளச் சீட்டில் நான்கு பெயர்கள்.

ஆனால் எங்கள் அம்மா இன்றும் “பல்லவன் வந்துடுச்சா?” என்றுதான் கேட்கிறார். தலைமை அலுவலகம் இன்றும் பல்லவன் இல்லம்தான்.

நவம்பர் 19, சற்று நேரம் கழித்து

இதேபோல் பலகையில் பிராட்வே என்று இருக்கும், கண்டக்டர் “பாரீஸ் பாரீஸ்” என்றுதான் கூவுவார். பாரி கம்பெனி மூலை. வெளியூரிலிருந்து வந்த எங்கள் சித்தப்பா இரண்டும் வேறு இடம் என்று நினைத்து, நான்கு பாரீஸ் வண்டியை விட்டுவிட்டு பிராட்வே வண்டிக்காக நின்றார்.

நவம்பர் 23

எல்லாத் தடமும் ஏன் அந்த ஒரே மூலையிலிருந்து கிளம்பியது? வரைபடத்தைப் பார்த்தால் புரியும். கிழக்கே கடல். ஊருக்குப் பாதி வட்டம்தான் உண்டு. துறைமுகமும் கோர்ட்டும் மொத்தக் கடைகளும் அந்தப் பாதி வட்டத்தின் விளிம்பில், பாரிமுனையில் இருந்தன. அதனால் விரித்த விசிறி மாதிரி வடக்கே எண்ணூர், மேற்கே பூந்தமல்லி, தெற்கே தாம்பரம், கடலோரமாகக் கோவளம் என்று தடங்கள் விரிந்தன. விசிறியின் ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்குப் போக வேண்டுமென்றால் பிடிவரை வந்துதான் போகணும். குறுக்கே ஓடும் வண்டிகள், தாம்பரம் – பூந்தமல்லி 66 மாதிரி, அதனால்தான் அவ்வளவு கூட்டம் தாங்குகின்றன. அவை இல்லையென்றால் அந்த ஊர்க்காரர் பக்கத்து ஊருக்குப் போகக் கிண்டிவரை வந்து போகணும்.

அதோடு ஆறுகள். கூவமும் அடையாறும் மேற்கிலிருந்து வந்து கடலில் விழுகின்றன. தெற்கே போகும் எந்த பஸ்ஸும் அடையாற்றைத் தாண்டியாக வேண்டும். சைதாப்பேட்டையில் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-இல் தன் காசில் பாலம் கட்டினார். இப்போது அந்த இடத்தில் இருப்பது மறைமலை அடிகள் பாலம். அடையாறு பக்கம் திரு.வி.க. பாலம் 1973-இல் வந்தது. முகத்துவாரத்தில் ஒரு சின்னப் பாலம் இருந்து 1977-இல் உடைந்துபோனது, இன்றும் பெசன்ட் நகர் பக்கம் அறுந்த துண்டாக நிற்கிறது. பாலம் எங்கேயோ பஸ் அங்கே. நடுவில் இருக்கும் ஊர்கள் சுற்றித்தான் போகணும்.

பழைய மகாபலிபுரம் சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாய். கண்ணுக்கு எதிரே தெரியும் இடத்துக்குச் சோழிங்கநல்லூர் போய், அக்கரை என்ற ஊர்ப் பக்கம் திரும்பி வரணும். 102 ஒரு சாலையில் கேளம்பாக்கத்துக்கும் 109 இன்னொரு சாலையில் கோவளத்துக்கும் பக்கம் பக்கமாகவே ஓடுகின்றன.

நவம்பர் 24

மேலே ‘கடலோரமாகக் கோவளம்’ என்று எழுதினேன். வடக்குக் கடலோரத்தை மறந்துவிட்டேன், நான் பிறந்து வளர்ந்ததே அங்கேதான்.

திருவொற்றியூரிலிருந்து திருவான்மியூருக்கு ஒரு வண்டி ஓடுகிறது. எண் 1. பின்னால் எழுத்து இல்லை. வடக்கு முனையில் ஒற்றியூர் தியாகராஜர், தெற்கு முனையில் மருந்தீஸ்வரர், நடுவில் மயிலாப்பூரில் கபாலீசுவரர். மூன்றும் பாடல் பெற்ற தலங்கள். எங்கள் பாட்டி சிவராத்திரிக்கு ஒரே பஸ்ஸில் மூன்று கோயிலையும் முடித்துவிடுவார். மயிலாப்பூருக்கு லஸ் நிறுத்தத்தில் இறங்கி ஏறினால் போதும். சம்பந்தரும் அப்பரும் நடந்து போன கடற்கரையில் பாட்டி டிக்கெட்டை வாட்ச் பட்டையில் செருகிக்கொண்டு போனார். தாத்தாவின் பழைய ஆண்கள் வாட்ச் அது, டிக்கெட்டுக்காகவே கட்டினார் என்று நினைக்கிறேன்.

துறைமுகம் கட்டிய பிறகு மணல் தெற்கே குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் அரித்துக்கொண்டே வந்தது. எண்ணூர் போகும் கடலோரச் சாலையில் கருங்கல் கொட்டியிருப்பதைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கலாம். அலை பெரிதாக இருக்கும் நாளில் கல்லில் மோதி ஜன்னல்வரை சாரல் வரும். கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி அங்கே நிற்காத திருவொற்றியூர்க்காரரே கிடையாது. தென்சென்னையில் பஸ் வரலாறு எழுதுகிறவர்கள் 29சி, 23சி என்று உருகுவார்கள். வடக்குத் தடங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

நவம்பர் 26

பட்டினப்பாக்கம் என்று 12பி-க்காக மேலே எழுதினேனே, அந்தப் பெயர் இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது. பழைய புகார் நகரம் (காவிரிப்பூம்பட்டினம்) இரண்டு பகுதியாக இருந்தது: கடலை ஒட்டி மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம். பாக்கம் என்றால் கடற்கரை ஊர், பொதுவாக ஊர் என்றும் பொருள். நம் பஸ் பலகைகளைப் படித்துப் பாருங்கள்: நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், துரைப்பாக்கம், கேளம்பாக்கம், மேடவாக்கம், ஊரப்பாக்கம்.

நவம்பர் 30

நிறுத்தங்களின் பெயர் பற்றி மாமாவோடு ஒரு மணி நேரம் பேசினேன். ஸ்டுடியோ போய்விட்டது, ஜெமினி இருக்கிறது. சுங்கம் வசூலித்த கேட் போய்விட்டது, டோல்கேட் இருக்கிறது. 6டி இன்றும் டோல்கேட்டிலிருந்து திருவான்மியூருக்குத்தான் போகிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி வந்து இறங்கிய காலம் முடிந்து நூற்றைம்பது வருடம் ஆகப்போகிறது, ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. மின்ட் வள்ளலார் நகர் ஆகிவிட்டது. ஆனால் “ரெண்டு மின்ட் பாஸ் பண்ணுங்க” என்றால்தான் காசு கை மாறும்.

அந்தப் ‘பாஸ் பண்ணுங்க’ பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் கண்டக்டர் பின்பக்கச் சீட்டில் உட்கார்ந்திருப்பார், காசு பத்துக் கை மாறிப் போய், டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே பத்துக் கை வழியாகத் திரும்பி வரும். இத்தனை வருடத்தில் என் சில்லறை ஒருமுறைகூடக் காணாமல் போனதில்லை. வெளியூரிலிருந்து வந்த நண்பர்களிடம் இந்த ஊரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல என்னிடம் இருக்கும் முதல் விஷயம் அதுதான்.

டிசம்பர் 7

நான்கு நாளாகக் கரண்ட் இல்லை. மிக்ஜாம் புயல் மழை. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மாடியில் இருந்தோம், எல்லோரும் நலம்.

தண்ணீர் வடிந்ததும் மெயின் ரோடுவரை நடந்து பார்த்தேன். ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பழைய எண்கள் ஓடும் பழைய சாலைகள் மேட்டிலோ ஏரிக்கரை மேலோ போகின்றன. நாங்கள் மனுக் கொடுத்து வாங்கிய கிளைகள் ஏரிக்குள் இறங்குகின்றன. பஸ் திரும்ப நாங்கள் செம்மண் கொட்டி மட்டம் பண்ணினோம் என்று பெருமையாக எழுதியிருந்தேன். அது மழைநீர் தேங்கி இறங்கும் பள்ளம். அன்று எங்களுக்கு அது தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை. நவம்பர் 9 குறிப்பை மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறேன். அந்த மகிழ்ச்சி உண்மையானதுதான். பஸ் வந்தால் ஊர் வந்துவிடும், ஊர் வந்தால் தண்ணீருக்கு இடம் போய்விடும் என்பதும் உண்மைதான்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சில நாள் நகரப் பஸ்ஸில் டிக்கெட் வாங்கவில்லை. ஈரத் துணிமூட்டையோடு ஏறியவர்களுக்குச் சீட்டில் இருந்தவர்கள் தாமாக எழுந்து இடம் கொடுத்ததைப் பார்த்தேன்.

டிசம்பர் 12

ஷேர் ஆட்டோ பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் வந்தது. எங்கள் பக்கம் வேளச்சேரி – மேடவாக்கம் – தாம்பரம் அதன் ராஜ்யம். பஸ்ஸைக் கெடுத்தது என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. எந்தச் சாலையில் பஸ் போதவில்லையோ அங்கே அது முளைத்தது. ஓடும் வழியைக் குறித்து வைத்திருந்தால் புதிய தடம் போடுவதற்கு அதைவிட நல்ல கணக்கு கிடைத்திருக்காது.

2013 அக்டோபரில் சிற்றுந்து வந்தது. எண்ணுக்கு முன்னால் ‘எஸ்’. அதுவரை எண்ணுக்குப் பின்னால் வந்த எழுத்து முதல்முறையாக எங்கள் தெருப்பக்கம் முன்னால் வந்து நின்றது. பெரிய பஸ் நுழைய முடியாத சந்தில் அது திரும்பியது. இருபது வருடம் முன்னால் இது வந்திருந்தால் அந்தப் பள்ளத்தை மூடியிருக்கவே வேண்டாம்.

2011-இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. பஸ் அதற்கு முப்பது வருடம் முன்பே அங்கெல்லாம் போய்விட்டது.

டிசம்பர் 20

காசு பற்றி ஒரு சின்னக் குறிப்பு. 2011 நவம்பரில் குறைந்தபட்சக் கட்டணம் இரண்டு ரூபாயிலிருந்து மூன்று ஆனது. புறநகர்க்காரருக்கு அடி குறைந்தபட்சத்தில் இல்லை, ஸ்டேஜில் (கட்டணம் ஏறும் நிறுத்தங்களில்) விழுகிறது. தடம் நீள நீள ஸ்டேஜ் கூடும். மனை மலிவு என்று தள்ளிப் போனவர் மிச்சம் பிடித்ததைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக டிக்கெட்டாகக் கொடுத்தார்.

2021 மே மாதத்திலிருந்து வெள்ளை போர்டு (சாதாரணக் கட்டண) வண்டிகளில் பெண்களுக்கு இலவசம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா முன்பு இரண்டு வீட்டுக்கு நடந்தே போவார். இப்போது மூன்றாவது வீடாகப் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் ஒன்றைப் பிடித்திருக்கிறார். இந்த நாற்பது வருடத்தில் தடங்களில் நடந்த எந்த மாற்றத்தையும்விட இது பெரியது என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 31

நேற்று கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்துவிட்டார்கள். 88 ஏக்கர். வெளியூர் பஸ் நிலையம் நான் பார்க்க மூன்றாவது இடத்துக்குப் போகிறது: பாரிமுனையில் இருந்தது, 2002 நவம்பரில் கோயம்பேடு போனது, இப்போது வண்டலூரையும் தாண்டி.

விசிறி என்று எழுதினேன். விசிறிக்கு இனி ஒரே பிடி இல்லை.

2024 பிப்ரவரி 4

மாமாவைக் கிளாம்பாக்கம் அழைத்துப் போனேன். அவரே கேட்டார். மேடவாக்கத்திலிருந்து தாம்பரம், அங்கே மாறி இன்னொரு வண்டி. வழியெல்லாம் ஸ்டேஜ் பெயர்களைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.

நகரப் பஸ் நிற்கும் பக்கம் போய் ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் நின்று பலகையைப் படித்தார். எழுத்து விளக்குப் பலகையில் ஓடிக்கொண்டிருந்ததால், கோயம்பேடு போகும் 70வி-யில் ‘வி’ திரும்ப வரும்வரை காத்திருந்து படித்தார். “வி வரைக்கும் வந்துட்டானுங்கடா” என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

வரிசை என்று ஆரம்பத்தில் நான் அடித்துச் சொன்னதை இங்கே கொஞ்சம் தளர்த்த வேண்டும். 70வி ஓடியது வண்டலூர்ப் பக்கம், குன்றத்தூருக்கு 88கே. சில இடங்களில் ஊரின் எழுத்தும் உள்ளே வந்திருக்கிறது. 21ஜி-யைக் கேட்டவரின் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது அந்த வண்டிக்குப் பொருந்தாது, ஆனால் அவர் நினைத்ததில் நியாயம் இருந்திருக்கிறது.

திரும்பும்போது கண்டக்டருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மாமா பின்சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, “இந்த சிங்கிளுக்கு கலெக்‌ஷன் எப்படிப்பா?” என்று கேட்டார். சிங்கிள் என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு ஓட்டம். அந்தப் பையன் நிமிர்ந்து பார்த்து, “நீங்க எந்த டெப்போ அண்ணே?” என்றான். தாம்பரம்வரை இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். நடு நடுவே முன்னாலிருந்து வந்த காசை மாமா வாங்கி அவனிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.